பண்டைய அரசியல் தத்துவம் எடுக்கலாமா? எடுத்தவர்கள் பட்ட பாடு

கேள்வி இது: "பி.ஏ. தமிழ் வழியில் முடித்துவிட்டு எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்திருக்கிறேன். அடுத்த செமஸ்டரில் பண்டைய அரசியல் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது. சீனியர்களில் பாதிப்பேர் 'செம போர்' என்கிறார்கள், மீதிப்பேர் 'அதை மட்டும் விட்டுடாதே' என்கிறார்கள். எடுத்தவர்களின் அனுபவம் என்ன? என் ஆங்கிலம் சுமார்தான், சமாளிக்க முடியுமா?"

சமாளிக்கலாம், எடுங்கள். சீனியர்கள் இரண்டு தரப்புமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தை எம்.ஏ.வில் மாணவனாகப் படித்தேன். பிறகு ஆய்வு மாணவனாக இருந்த நான்கு வருடமும் அதே பாடத்துக்கு டுடோரியல் எடுத்தேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகம். இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கலந்திருந்த வகுப்பு. முதல் மாதம் முகங்கள் எப்படித் தொங்கும், யார் எந்த வாரத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது எனக்கு ஓரளவு பழகிப்போன விஷயம்.

பெரும்பாலான இடங்களில் பாடத்திட்டம் ஒரே மாதிரிதான்: பிளேட்டோவில் சாக்ரடீஸின் விசாரணை, கிரிட்டோ, குடியரசு; அரிஸ்டாட்டிலில் 'அரசியல்', கொஞ்சம் அறவியல். சில இடங்களில் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். இந்தியாவில் என்றால் கடைசி இரண்டு வாரம் கௌடில்யர்.

போர் அடிப்பது எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சிவில் சர்வீஸ் கனவோடு வந்தவர்கள். அந்தத் தேர்வின் அரசியல் அறிவியல் விருப்பப் பாடத்தில் மேற்கத்தியச் சிந்தனையாளர் பட்டியல் பிளேட்டோவில்தான் ஆரம்பிக்கும். ஆகவே எல்லோர் கையிலும் ஒரு ஜெராக்ஸ் கட்டு. சமூகத்தில் மூன்று வர்க்கம், ஆன்மாவில் மூன்று பகுதி, தத்துவ அரசன், காவலர்களுக்குச் சொத்தும் குடும்பமும் கிடையாது, அப்புறம் 'விமர்சனங்கள்' என்று நான்கு வரி. இதை மனப்பாடம் செய்துவிட்டு மூல நூலைப் பிரித்தால் தலை சுற்றும். கொள்கை எங்கே? ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெட்டிப் பேச்சு என்று மூடிவைத்துவிட்டு மறுபடி ஜெராக்ஸுக்கே போய்விடுவோம்.

எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பில் 'குடியரசு' நூலின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்தார். நேற்று கிளாக்கனோடு பிரேயஸுக்கு இறங்கிப் போனேன் என்று சாக்ரடீஸ் தொடங்குகிறார். (எழுதியவர் பிளேட்டோ, கதை சொல்பவர் அவர் ஆசிரியர் சாக்ரடீஸ்; கிளாக்கன் பிளேட்டோவின் சகோதரர்.) கிரேக்கத்தில் நூலின் முதல் சொல்லே 'இறங்கிப் போனேன்' என்பதுதான். பிரேயஸ் என்றால் ஏதென்ஸின் துறைமுகம், வெளியூர்க்காரர்களும் வணிகர்களும் குடியிருந்த இடம். அன்றைக்கு அங்கே பெண்டிஸ் என்ற திரேஸ் நாட்டுத் தெய்வத்துக்கு முதல் திருவிழா. இந்த ஒரு வாக்கியத்திலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், இது பரீட்சைக்கு வருமா?" "வராது" என்றார். அடுத்த வகுப்பில் ஆறு பேரைக் காணோம்.

நானும் கழன்றுகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாவது வாரம் அவர் வேறு ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தார். லிசியஸ் என்பவர் நீதிமன்றத்தில் பேசிய பேச்சு. யார் இந்த லிசியஸ்? குடியரசு உரையாடல் நடப்பது பொலிமார்க்கஸ் வீட்டில். பொலிமார்க்கஸின் தம்பிதான் லிசியஸ். அன்று இரவு அவரும் அதே அறையில்தான் இருக்கிறார், புத்தகம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்கள் அப்பா செஃபாலஸ் சிசிலித் தீவின் சிராகூஸிலிருந்து வந்து குடியேறியவர். நல்ல வசதி, கேடயம் செய்யும் பட்டறை இருந்தது. ஆனால் ஏதென்ஸ் குடியுரிமை கிடையாது.

கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. ஜனநாயகத்தைக் கலைத்துவிட்டு முப்பது பேர் கொண்ட குழு ஆட்சிக்கு வந்தது. அவர்கள் குறைந்தது 1,500 பேரைக் கொன்றதாகப் பழைய நூல் சொல்கிறது. கஜானாவுக்குப் பணம் வேண்டும், எனவே வசதியான வெளியூர்க்காரர்கள் மேல் கைவைத்தார்கள். லிசியஸ் தப்பி ஓடினார். பொலிமார்க்கஸைத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். என்ன குற்றம் என்றுகூடச் சொல்லாமல் விஷம் குடிக்கச் சொன்னார்கள். அவர் மனைவியின் காதிலிருந்த தங்கத் தோட்டைப் பிடுங்கினார்கள். 700 கேடயம், 120 அடிமைகள், நகை, துணிமணி எல்லாம் பறிபோயின. அவ்வளவு சொத்திருந்த குடும்பத்தில் பிணத்தைப் போர்த்த துணியில்லை. நண்பர் ஒருவர் மேலாடை கொடுத்தார், இன்னொருவர் தலையணை கொடுத்தார். இதைத் தம்பி மன்றத்தில் நின்று சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டுக் குடியரசின் முதல் இரண்டு பக்கத்தை மறுபடி வாசித்தோம். ஊருக்குத் திரும்பப் பார்க்கும் சாக்ரடீஸை பொலிமார்க்கஸ் வழிமறிக்கிறார். நாங்கள் எத்தனை பேர் என்று பார்த்தீரா, எங்களை ஜெயித்துவிட்டுப் போம், இல்லையென்றால் இங்கேயே இரும் என்கிறார். பேசி உங்களைச் சம்மதிக்க வைத்தால் விடமாட்டீர்களா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். காதுகொடுக்காதவனை எப்படிச் சம்மதிக்க வைப்பீர் என்று பதில். முதல் தடவை படிக்கும்போது நண்பர்களின் கேலி. இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதே பொலிமார்க்கஸ் சில பக்கங்கள் கழித்து, நண்பனுக்கு நன்மையும் எதிரிக்குத் தீமையும் செய்வதுதான் நீதி என்று வாதாடுகிறார். பிறகு வலுத்தவனுக்கு எது லாபமோ அதுவே நீதி என்று அங்கிருந்த பேச்சுக்கலை ஆசிரியர் திராசிமாக்கஸ் பாய்கிறார். முப்பது பேர் குழுவுக்குத் தலைமை தாங்கிய கிரிட்டியாஸ் யார்? பிளேட்டோவின் தாய்வழி உறவினர். மறுவருடம் அதே பிரேயஸில், மூனிக்கியா குன்றில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்; அந்தக் குன்றுக்கு ஏறும் பாதையைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் செனபோன் பெண்டிஸ் கோயிலைக் குறிப்பிடுகிறார். திருவிழா பார்க்க சாக்ரடீஸ் இறங்கிப் போனாரே, அதே தெய்வம்தான். இந்த ஊரில் நீதி என்றால் என்ன என்று கேட்டு ஒரு மனிதன் எழுதியிருக்கிறான் என்றால் அது மூன்று வர்க்கம், மூன்று பகுதி சமாச்சாரம் மட்டுமாக இருக்க முடியாது.

இவ்வளவு நேரம் இதையே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாடம் பிடிக்காமல் போனவர்கள் பெரும்பாலும் 'பிளேட்டோ என்ன சொல்கிறார்' என்று தேடியவர்கள். பேசுவது யார், யாரிடம், அவனுக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குப் பிடித்தது. நான் டுடோரியல் எடுத்த நான்கு வருடமும் இதைத்தான் பார்த்தேன்.

சில அமர்வுகள் ஒவ்வொரு வருடமும் தவறாமல் சூடு பிடிக்கும். கிரிட்டோ அப்படி ஒன்று. சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தாயிற்று, சிறையில் இருக்கிறார். விடியுமுன் நண்பர் கிரிட்டோ வந்து, அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தபடி எழுப்பாமல் உட்கார்ந்திருக்கிறார். பணம் தயார், காவலனைச் சரிக்கட்டியாயிற்று, ஓடிப்போய்விடலாம் என்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். நான் ஒரு டிபன் பாக்ஸைச் சுற்றுக்கு விட்டு 'ஓடியிருக்க வேண்டுமா, கூடாதா' என்று சீட்டு எழுதிப் போடச் சொல்வேன். முதல் வருடம் 'ஓடியிருக்க வேண்டும்' கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்குப் பிறகுதான் விசாரணைப் பேச்சிலிருந்து ஒரு இடத்தை வாசிக்கச் சொல்வேன்: தத்துவம் பேசுவதை நிறுத்தினால் விட்டுவிடுகிறோம் என்றால் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று அதே சாக்ரடீஸ் நடுவர்களிடம் சொல்லியிருக்கிறார். அங்கே சட்டத்துக்கு அடங்கமாட்டேன் என்றவர் இங்கே ஏன் அடங்குகிறார்? அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கேரளத்துப் பையன் ஒருவன் சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: "அவர் மறுத்தது ஒரு வேலையைச் செய்ய, ஏற்றுக்கொண்டது ஒரு தண்டனையை அனுபவிக்க. இரண்டும் ஒன்றில்லை." நான் புத்தகங்களில் படித்த விளக்கங்களைவிட அது மோசமில்லை. (நடுவர்கள் ஏறக்குறைய 500 பேர். முப்பது வாக்கு இடம் மாறியிருந்தால் தப்பியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொல்கிறார். தேர்தல் கணக்கு பார்க்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும்.)

அரிஸ்டாட்டிலின் அடிமை பற்றிய பகுதி வேறு மாதிரி. அது கலகலப்பான வகுப்பு கிடையாது. சிலர் இயற்கையிலேயே அடிமைகள், ஆளப்படுவதே அவர்களுக்கும் நல்லது என்கிறார் மனிதர். முதல் வருடம் நான் இதை 'அந்தக் காலத்துக் கருத்து' என்று சொல்லித் தாண்டப் பார்த்தேன். ஒரு மாணவர் கையைத் தூக்கினார். வகுப்பில் அதிகம் பேசாதவர். "எங்க ஊர்ல எங்க தாத்தாவைப் பத்தி இதையேதான் சொன்னாங்க. அவனுக்கு இந்த வேலைதான் தோது, வேற குடுத்தா கஷ்டப்படுவான்னு. அது எந்தக் காலம்?" என்றார். அப்புறம் யாருக்கும் தாண்ட மனம் வரவில்லை. வரிவரியாக உட்கார்ந்து படித்தோம். அடிமைத்தனம் இயற்கையானதல்ல, வெறும் வழக்கம், வன்முறையால் வந்தது என்று அந்தக் காலத்திலேயே வாதிட்டவர்கள் இருந்தார்கள் என்பது அரிஸ்டாட்டில் நூலிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவர் அவ்வளவு சிரமப்படுகிறார். எனவே 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்பது எடுபடாது. தறி தானாக நெய்தால் எஜமானனுக்கு அடிமை தேவைப்படாது என்ற வரியும் அங்கேதான் வருகிறது. தன் உயிலில் தனக்குப் பணிவிடை செய்த சிறுவர்களை விற்கக்கூடாது, வயது வந்தபின் விடுவிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். இயற்கையிலேயே அடிமை என்றால் வயது வந்ததும் எப்படி மாறும்? அந்த மாணவர் தன் அசைன்மென்ட்டை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எழுதினார்.

பிளேட்டோவின் உலோகக் கதைக்கும் நம் வகுப்பறைகளில் தனி வாழ்க்கை உண்டு. எல்லோரும் மண்ணிலிருந்து பிறந்தவர்கள், ஆனால் சிலருக்குள் கடவுள் பொன்னையும் சிலருக்குள் வெள்ளியையும் மற்றவர்களுக்குள் இரும்பு, வெண்கலத்தையும் கலந்தார் என்ற கதையை மக்களை நம்ப வைக்க வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ். "இது வர்ணம்தானே?" என்று யாராவது ஒருவர் கேட்காத வருடமே இல்லை. உடனே இன்னொருவர், இல்லை, பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறந்தால் இரக்கமில்லாமல் கீழே தள்ள வேண்டும், கீழே பொன் பிறந்தால் மேலே கொண்டுவர வேண்டும் என்று நூலில் இருக்கிறது, எனவே பிறப்பு கணக்கில்லை என்பார். பெரும்பாலும் விவாதம் அங்கே முடிந்துவிடும். முடியவிடாதீர்கள். லாகூரில் பேசவிருந்து, கூட்டம் ரத்தான பிறகு 1936இல் அம்பேத்கர் தானே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையில் பிளேட்டோ வருகிறார். தகுதிப்படியே பிரித்தாலும் மனிதர்களை மூன்று நான்கு பெட்டிக்குள் அடைக்க முடியாது, ஒவ்வொருவனும் தனித்தன்மை உள்ளவன், பிளேட்டோவுக்கு அது புலப்படவில்லை என்கிறார். பிறப்பா தகுதியா என்று அதுவரை சண்டை போட்டவர்கள், பெட்டியே தேவையா என்று பேச ஆரம்பிப்பார்கள். என் அனுபவத்தில் செமஸ்டரின் உருப்படியான விவாதம் இதுதான்.

இன்னொரு அதிர்ச்சி குலுக்கல். பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது ஜனநாயகம், தேர்தல் மூலம் நிரப்புவது சிலராட்சி முறை என்று கருதப்படுகிறது என அரிஸ்டாட்டில் போகிற போக்கில் எழுதியிருப்பார். தேர்தல்தான் ஜனநாயகம் என்று ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த நமக்கு அச்சுப்பிழையோ என்று தோன்றும். ஏதென்ஸில் 500 பேர் ஆலோசனைக் குழுவைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். ஒருவன் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. தேர்தலில் பணக்காரனும் பெயரெடுத்தவனும்தான் ஜெயிப்பான் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் உத்திரமேரூர் குடவோலையைக் கொண்டுவருவார்கள். நியாயமான ஒப்பீடுதான், பெருமை பேசுவதோடு நிறுத்தாதவரை. முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் முப்பது குடும்பு (ஊரின் வார்டுகள்), குடத்துக்குள் ஓலை, அதை எடுக்க ஒரு சிறுவன் எல்லாம் உண்டு. கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும். கூடவே, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. அது பிராமணர் சபை. ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் செஃபாலஸ் போன்ற குடியேறிகளுக்கும் இடமில்லை. ஏன், அரிஸ்டாட்டிலுக்கே அங்கே வாக்கு கிடையாது, அவரும் வெளியூர்க்காரர்தான். குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது.

கௌடில்யர் வாரங்கள் பொதுவாக அவசரத்தில் ஓடிவிடும், பரீட்சை நெருங்கிவிடும் என்பதால். அந்த நூல் கைக்கு வந்த கதையை மட்டும் கேட்டுவையுங்கள். பல நூற்றாண்டு காணாமல் போயிருந்த அர்த்தசாஸ்திரத்தின் கிரந்த எழுத்து ஓலைச்சுவடியைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் கொடுத்தார்; சாமசாஸ்திரி அதை 1909இல் அச்சிட்டார். அதற்குச் சுமார் இருபது வருடம் முன்புதான், அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கிய ஏதென்ஸ் அரசமைப்பு நூல் எகிப்திலிருந்து கிடைத்து 1891இல் வெளியானது. ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் சுருளின் பின்பக்கத்தில் யாரோ அதைப் படியெடுத்து வைத்திருந்தார்கள்.

சரி, உங்கள் ஆங்கிலம். உண்மையில் இந்தப் பாடத்தில் எல்லோருமே மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறார்கள். கான்வென்ட் பிள்ளைக்கும் கிரேக்கம் தெரியாது. வெ. சாமிநாத சர்மா குடியரசைத் தமிழில் தந்திருக்கிறார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தால் வேகம் வரும். ஆங்கிலத்தில் ஜோவெட் மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கும், ஆனால் விக்டோரியா காலத்து நடை, மூச்சு வாங்கும். க்ரூப் மொழிபெயர்த்து ரீவ் திருத்திய பதிப்பு எளிது. எந்தப் பதிப்பானாலும் ஓரத்தில் 327, 514 போன்ற எண்களும் பக்கத்தில் ஏ, பி, சி எழுத்துகளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1578இல் வந்த ஒரு பதிப்பின் பக்க எண்கள் அவை. ஆசிரியர் "514ஏ எடுங்கள்" என்றால் குடியரசில் வரும் குகைக் கதையை எடுக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். இது தெரியாமல் இரண்டு வாரம் பக்க எண் 514ஐத் தேடிக்கொண்டிருந்தேன். என் புத்தகத்தில் மொத்தமே 300 பக்கம்தான்.

தமிழ் வழியில் படித்ததில் ஒரு வசதியும் இருக்கிறது. நூல் முழுக்கத் துரத்தும் 'டிகாயோசினே' என்ற கிரேக்கச் சொல்லை ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்' என்று ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறார்கள், அது கோர்ட்டு வாசனையோடு நின்றுவிடுகிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தருவதிலிருந்து மனம் ஒழுங்காக இருப்பது வரை ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்று மற்றவர்கள் விழிப்பார்கள். நமக்கு நீதி, முறை, அறம் என்று மூன்று சொல் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் எதைப் போட்டால் பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் உதைக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். டுடோரியலில் பேச விஷயம் கிடைக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் செமஸ்டர் தேர்வில் 'பிளேட்டோவின் நீதிக் கொள்கையை விளக்குக' என்ற கேள்விக்கு பொலிமார்க்கஸின் சாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதி 52 மதிப்பெண் வாங்கினேன். திருத்தியவர் ஓரத்தில் 'பாயின்ட்ஸ்?' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெராக்ஸை அப்படியே எழுதியவனுக்கு 71. எனவே தேர்வுக்குப் பாயின்ட்ஸ் போடுங்கள், மூன்று வர்க்கத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அசைன்மென்ட்டிலும் வகுப்பிலும் உங்கள் கேள்வியைக் கேளுங்கள். இரண்டையும் செய்ய நேரம் இருக்கும், ஏனென்றால் மூல நூலைப் படித்தவனுக்கு அந்தப் பாயின்ட்ஸ் ஒரே ராத்திரி வேலை.

செமஸ்டர் தொடங்க இன்னும் நாள் இருக்கிறதென்றால் குடியரசின் பத்துப் பகுதிகளில் முதலாவதை, அதாவது முதல் 'புத்தகத்தை', மட்டும் வாசித்துவிடுங்கள், அச்சில் சுமார் முப்பது பக்கம்தான் வரும். முடிந்தால் அறைத்தோழரோடு ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு சத்தமாக. திராசிமாக்கஸை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாதம் தோற்றுவிட்டது என்று கடைசியில் உங்களுக்குத் தோன்றாவிட்டால் கவலை வேண்டாம். கிளாக்கனுக்கும் அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் புத்தகம் அதில்தான் ஆரம்பிக்கிறது.